402 பவுண்டு: வட அமெரிக்கப் பேரேரிகளில் லாம்ப்ரே கட்டுப்பாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

மிச்சிகன் ஏரியில் 1946ஆம் ஆண்டு பிடிபட்ட ஏரி டிரவுட் மீனின் எடை 55 லட்சம் பவுண்டு. 1953இல் பிடிபட்டது 402 பவுண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்கள். இங்கே கட்டெறும்பும் மிஞ்சவில்லை. ஏழே ஆண்டுகளில் ஒரு தொழில் முடிந்துபோனது. பக்கத்து ஹியூரான் ஏரியில் இதே சரிவு சில ஆண்டுகள் முன்னதாகவே நடந்திருந்தது. சுப்பீரியர் ஏரியில் அது அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சரிவுக்குப் பொறுப்பாகச் சுட்டப்பட்ட உயிர் கடல் லாம்ப்ரே. பார்வைக்கு விலாங்கு போலிருக்கும், ஆனால் விலாங்கல்ல; தாடையே இல்லாத மிகப் பழைய மீன் குலத்தைச் சேர்ந்தது. உறிஞ்சிபோன்ற வட்ட வாய், அதற்குள் வரிசை வரிசையாகப் பற்கள், நடுவில் அரம்போன்ற நாக்கு. பெரிய மீனின் உடலில் ஒட்டிக்கொண்டு, தோலைக் கிழித்து, குருதி உறையாமலிருக்கச் சுரப்பைச் செலுத்தி உறிஞ்சும். அட்லாண்டிக் கடலில் அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெரிய மீன்கள் உண்டு. அங்கே கடிபட்ட மீன் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஏரியின் டிரவுட்டுக்கு அந்த உடற்கட்டு இல்லை. ஒரு லாம்ப்ரே தன் ஒட்டுண்ணிப் பருவத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், 40 பவுண்டு வரை மீனைக் கொன்றுவிடும்.

அரசு ஆய்வகம் ஒன்று இந்த உயிரின் பலவீனத்தைக் கண்டுபிடித்ததும், இரண்டு நாடுகள் கூடி அதை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்ததும் மீன்வள ஆய்வின் பெரிய வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எது வென்றது, எவ்வளவு வென்றது, அதற்கு இன்றும் என்ன விலை கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால், பாராட்டுரைகளில் வராத பல செய்திகள் கிடைக்கின்றன.

கால்வாய் திறந்துவிட்ட கதவு

ஐந்து பேரேரிகளில் கடலுக்கு மிக அருகிலுள்ளது ஒன்டாரியோ. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே லாம்ப்ரே பதிவாகியிருக்கிறது. அது ஆதியிலிருந்தே அங்கிருந்ததா, மனிதன் வெட்டிய கால்வாய்கள் வழியே வந்ததா என்பதில் மரபணு ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. மேலேயுள்ள நான்கு ஏரிகளைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. நயாகரா அருவி அவற்றுக்குக் காவலாக நின்றது. கப்பல்கள் அருவியைச் சுற்றிப் போவதற்காக வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாய் 1829இல் திறந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது விரிவாக்கப்பட்டது. 1921இல் ஈரி ஏரியில் லாம்ப்ரே பிடிபட்டது. பிறகு 1936இல் மிச்சிகன், 1937இல் ஹியூரான், 1938இல் சுப்பீரியர்.

சுப்பீரியருக்கு அது கடைசியாக வந்துசேர்ந்தது. பரவவும் அங்கே கூடுதல் காலம் பிடித்தது. அந்தத் தாமதம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இதைப் பிறகு பார்ப்போம்.

அரசியலை ஒரு ஒட்டுண்ணி அசைத்தது

பேரேரிகளின் கரையில் எட்டு அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மீன்பிடிச் சட்டம், தனித்தனி வலைக்கண் அளவு. பொது ஒழுங்குமுறை வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகள் நடந்தது. 1946இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டன. பிடிப்புக்கு வரம்பு வைக்கும் அதிகாரம் அதில் இருந்ததால் மீன் வணிகர்கள் எதிர்த்தார்கள். அமெரிக்கத் தரப்பில் ஒப்புதல் கிடைக்கவே இல்லை.

1954 செப்டம்பரில் கையெழுத்தான இரண்டாவது ஒப்பந்தம் அந்த அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டது. ஆய்வை ஒருங்கிணைப்பது, லாம்ப்ரேயை ஒழிப்பது அல்லது இயன்றவரை குறைப்பது, இந்த இரண்டும்தான் அதன் முதன்மைப் பணிகள். அது நிறைவேறியது, பேரேரிகள் மீன்வள ஆணையம் பிறந்தது. செலவை 69க்கு 31 என்ற விகிதத்தில் அமெரிக்காவும் கனடாவும் பகிர்ந்துகொள்ளும். இரு நாடுகளின் பழைய ஏரி டிரவுட் பிடிப்பின் மதிப்பைக் கொண்டு போடப்பட்ட கணக்கு அது.

மனிதன் வலையைக் கட்டுப்படுத்த ஒப்பாதவர்கள், லாம்ப்ரேயைக் கட்டுப்படுத்த உடனே ஒப்புக்கொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழியை முழுதாக ஏற்றுக்கொள்ள வாயில்லாத ஓர் உயிர் கிடைத்துவிட்டது. உண்மையில் லாம்ப்ரே வருமுன்பே பல இடங்களில் டிரவுட் மிகையாகப் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வலையும் லாம்ப்ரேயும் சேர்ந்துதான் அந்த மீனை முடித்தன. எது எவ்வளவு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் உண்டு.

ஓடையில் கிடைத்த விடை

1940களின் இறுதியில் வெர்னன் ஆப்பிள்கேட் என்ற இளம் உயிரியலாளர் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், ஆக்கியாக், கார்ப் ஏரி ஆறு ஆகிய நீரோடைகளின் கரையில் லாம்ப்ரேயின் வாழ்க்கையைப் படித்தார். கொல்லும் வழி தேடுமுன், அது எங்கே பிறக்கிறது, எத்தனை நாள் எங்கே இருக்கிறது, எப்போது எங்கே போகிறது என்று பார்த்தார். 1950இல் அது முனைவர் பட்ட ஆய்வாக வந்தது. இந்த நிகழ்வில் எனக்கு முதன்மையாகப் படுவது இந்தக் கட்டம்தான். பிறகு வந்த வேதியியல் எல்லாம் இதன் மேல் கட்டப்பட்டது.

அவருடைய படிப்பில் தெளிவான சித்திரம் இது. வளர்ந்த லாம்ப்ரே வசந்தத்தில் ஏரியிலிருந்து ஓடைகளுக்கு ஏறி, கூழாங்கற்களை வாயால் நகர்த்திக் கூடு கட்டி, முட்டையிட்டு, இறந்துவிடும். ஒரு பெண் லாம்ப்ரே ஒரு லட்சம் முட்டை வரை இடக்கூடும். குஞ்சுகளுக்குக் கண் தெளிவதில்லை, பல் இல்லை. அவை ஓடையடி வண்டலில் புதைந்து, நீரில் வரும் நுண்பொருள்களை வடிகட்டித் தின்றுகொண்டு மூன்று முதல் பத்து ஆண்டுகள்வரை கிடக்கும். பிறகுதான் உருமாறி, கண்ணும் பல்லும் பெற்று, ஏரிக்கு இறங்கிக் குருதி குடிக்கத் தொடங்கும்.

ஏரியோ கடல்போலப் பரந்தது. அங்கே லாம்ப்ரேயைத் தேடுவது வீண். ஆனால் அதன் குஞ்சுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், அசையாமல், தலைமுறைமேல் தலைமுறையாகக் குவிந்து கிடக்கின்றன. ஒரு ஓடையை ஒருமுறை துப்புரவாக்கினால் நான்கைந்து ஆண்டுகளின் பிறப்பு மொத்தமாகப் போய்விடும். பேரேரிகளில் விழும் ஓடைகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் லாம்ப்ரே இருக்கிறது.

இந்த அறிவைச் செயலாக்குவதில் முதலில் எடுத்த வழி சரியாக அமையவில்லை. ஓடைகளின் குறுக்கே கம்பித் தடுப்புகளும் மின்தடுப்புகளும் போட்டு, மேலேறும் லாம்ப்ரேயை மறித்தார்கள். வெள்ளம் வந்தால் தடுப்பு போகும்; மின்சாரம் நின்றால் தடுப்பு போகும்; மற்ற மீன்களும் மின்தடுப்பில் மாட்டிச் செத்தன. இன்னொரு இடையூறு, ஏற்கெனவே வண்டலில் இருக்கும் குஞ்சுகள் அடுத்த பல ஆண்டுகளுக்கு ஏரிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று தடுத்தால் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். சுப்பீரியர் ஏரிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஜாடிகள்

ஹியூரான் ஏரிக்கரையில் ஹேமண்ட் விரிகுடா என்ற இடத்தில் கடலோரக் காவல் படையின் பழைய உயிர்காப்பு நிலையம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்த் துறை அதை ஆய்வகமாக்கியது. அங்கே ஆப்பிள்கேட்டும் அவருடைய குழுவினரும் 1950களில் செய்தது, சொன்னால் எளிது. ஒரு கண்ணாடி ஜாடியில் நீர். அதில் ஓரிரு லாம்ப்ரே குஞ்சுகள், கூடவே ஓரிரு ரெயின்போ டிரவுட், புளூகில் மீன்கள். ரெயின்போ டிரவுட் என்பது நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட அதே மீன்தான். ஏதேனும் ஒரு வேதிப்பொருளைப் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு அளவில் கலக்க வேண்டும். ஒரு நாள் காத்திருக்க வேண்டும். எது செத்தது, எது பிழைத்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு ஜாடியைக் கழுவிவிட்டு அடுத்த வேதிப்பொருள்.

பெரும்பாலும் ஒன்று எல்லாம் சாகும், அல்லது எல்லாம் பிழைக்கும். லாம்ப்ரே மட்டும் சாகும் ஜாடிக்காகத்தான் காத்திருந்தார்கள். எந்த வகை மூலக்கூறு அதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லக் கோட்பாடு எதுவும் அன்று இல்லை. 1957இல் துறை வெளியிட்ட அறிக்கை 4,346 வேதிப்பொருள்களின் முடிவைப் பட்டியலிடுகிறது. முடிவில் சோதிக்கப்பட்டவை ஏறக்குறைய 6,000. பக்கம் பக்கமாகத் தோல்விகளை அடுக்கி ஓர் அரசுத் துறை அச்சிட்டு வெளியிட்டது என்பதே இன்று வியப்பாக இருக்கிறது. இப்போதைய ஆய்வு நிதிக் குழு எதுவும் இப்படி ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுக்காது என்று துணிந்து சொல்லலாம்.

நைட்ரோபீனால் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் ஒருநாள் அந்த எதிர்பார்த்த ஜாடியைக் காட்டியது. அதன் உறவுப் பொருள்களை வரிசையாகப் பார்த்ததில் டி.எஃப்.எம். என்று சுருக்கி வழங்கப்படும் பொருள் தேறியது. 1958இல் அது ஓடைகளில் இறங்கியது.

அது ஏன் லாம்ப்ரேயை மட்டும் கொல்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. உயிரணுக்கள் ஆற்றல் தயாரிக்கும் வழியை டி.எஃப்.எம். முறித்துவிடுகிறது. டிரவுட் போன்ற மீன்களின் உடல் அந்தப் பொருளை ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடும். லாம்ப்ரேயின் உடலில் அப்படிப் பிணைக்கும் நொதியின் திறன் மிகக் குறைவு. ஆக, மீனுக்கும் இது நஞ்சுதான். தாங்கும் அளவில்தான் வேறுபாடு. இதை மறந்தால் ஓடையிலுள்ள எல்லாம் சாகும்.

ஓடையில் ஒரு நாள்

அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது களத்தில் தெரியும். நீரின் காரத்தன்மை கூடினால் டி.எஃப்.எம். செவுள் வழியே உடலுக்குள் நுழைவது குறைகிறது, லாம்ப்ரே பிழைத்துக்கொள்ளும். அமிலத்தன்மை கூடினால் டிரவுட்டும் சாகும். அமில–கார நிலையோ ஒரே ஓடையில் ஒரே நாளில் மாறுகிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ள, நீர் காரமாகும். இரவில் பாசி அதை வெளியிட, அமிலம் ஏறும். அதனால் நண்பகலில் சரியாக இருக்கும் அளவு நள்ளிரவில் கொடிதாகிவிடலாம்.

இதனால் ஒவ்வொரு ஓடைக்கும் தனிக் கணக்கு. முதலில் ஆய்வுக் குழு வண்டலில் குஞ்சுகள் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று பார்க்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, குஞ்சுகள் உருமாறி ஏரிக்கு இறங்குமுன், அந்த ஓடை பட்டியலில் ஏறும். பிறகு ஓட்டத்தின் அளவை அளந்து, ஏறத்தாழ 12 மணி நேரம் சீராக மருந்தை விடுவார்கள். மருந்து கலந்த நீர்த்தொகுதி கீழ்நோக்கி நகரும். ஆட்கள் கரையோடு கூடவே போய் நீரை எடுத்துச் சோதித்தபடி இருப்பார்கள். கிளை ஓடை ஒன்று நல்ல நீரைக் கொண்டுவந்து கலந்தால் அங்கே செறிவு குறையும். குஞ்சுகள் அந்த முகத்துவாரத்துக்கு நீந்தித் தப்பிவிடும். ஆகவே அங்கேயும் ஓர் ஆள், ஒரு சொட்டுக் கருவி. அமெரிக்கத் தரப்பில் மார்க்கெட், லுடிங்டன் நகரங்களிலுள்ள நிலையங்களும், கனடாத் தரப்பில் சூ செயின்ட் மேரியிலுள்ள மையமும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் புகழ் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. வேலையின் பெரும்பகுதி இவர்களுடையது.

யாருக்கு எவ்வளவு புண்ணியம்

1958 முதல் சுப்பீரியர் ஏரியின் ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மருந்திடப்பட்டன. 1962இல் மேலேறிய லாம்ப்ரேயின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. அதே காலகட்டத்தில் வேறு இரண்டும் நடந்தன: 1962இல் சுப்பீரியரின் டிரவுட் மீன்பிடிப்புக்குப் பூட்டுப் போடப்பட்டது, பொரிப்பகங்களில் வளர்த்த டிரவுட் குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. மூன்றில் எது மீனை மீட்டது? மருந்தில்லாமல் மற்ற இரண்டும் பயன்பட்டிருக்காது என்பது உறுதி. ஆனால் மருந்து மட்டுமே போதும் என்பதும் பொய். அதற்குச் சான்று பக்கத்து ஏரிகளே.

மிச்சிகன் ஏரியிலும் அதே மருந்து, அதே துறை, அதே பொரிப்பகக் குஞ்சுகள். லட்சக்கணக்கில் விட்டும் அவை தாமாகப் பெருகவில்லை. காரணம், டிரவுட் இல்லாத இடைக்காலத்தில் ஆல்வைஃப் என்ற சிறு கடல்மீன் கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தது. 1967இல் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கி, சிகாகோ கடற்கரைகளை நாறடித்தன. அவற்றைத் தின்னவென்றே பசிபிக் சால்மன் 1966இல் கொண்டுவந்து விடப்பட்டது. அது தனிக் கதை. ஆல்வைஃபின் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதைத் தின்று வளர்ந்த டிரவுட்டின் முட்டையில் போதிய தயமின் இருப்பதில்லை. குஞ்சுகள் பொரிந்தபின் செத்தன. இது புரியவே பல பத்தாண்டுகள் ஆயின. 2003–04 வாக்கில் ஹியூரான் ஏரியில் ஆல்வைஃப் வீழ்ந்தபிறகுதான் அங்கே டிரவுட் இயல்பாகப் பெருகத் தொடங்கியது.

சுப்பீரியரில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. மேலும் அங்கே பூர்விக டிரவுட் இனங்கள் முற்றிலும் அழியுமுன் மருந்து வந்துவிட்டது. மிச்சிகனில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஹியூரானில் பாரி சவுண்ட் போன்ற ஓரிரு மூலைகளில் மட்டும் சில தப்பின. எஞ்சிய அந்தப் பூர்விக மீன்கள்தான் சுப்பீரியரை மீட்டன. பொரிப்பகக் குஞ்சுகளின் பங்கு குறைவே. 2024 நவம்பரில்தான் அந்த ஏரியின் பெரும்பகுதியில் டிரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது. முதல் மருந்திடலுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே 66 ஆண்டுகள்.

கணக்கில் வராத சாவுகள்

டி.எஃப்.எம். சில நாட்களில் சிதைந்துவிடும். உணவுச் சங்கிலியில் சேர்வதில்லை. அதே ஆண்டுகளில் புழங்கிய டி.டி.டி. போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய நற்பேறு. ஆனாலும் சேதாரம் உண்டு. பேரேரிகளுக்கே உரிய பூர்விக லாம்ப்ரே இனங்கள் சில உள்ளன. அவற்றில் சில ஒட்டுண்ணிகளே அல்ல. மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. நீரிலேயே வாழும் மட்பப்பி என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியும் சாகிறது. ஏரி ஸ்டர்ஜன் மீனின் சிறு குஞ்சுகளும் மருந்துக்கு எளிதில் பாதிக்கப்படுபவை. அந்த மீனோ பல இடங்களில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. ஸ்டர்ஜன் இருக்கும் ஓடைகளில் அளவைக் குறைத்து, நாளைத் தள்ளி மருந்திடுகிறார்கள். அப்போது லாம்ப்ரேயும் கூடுதலாகத் தப்புகிறது. ஓர் இனத்தைக் காப்பதற்கும் இன்னோர் இனத்தைக் காப்பதற்கும் இடையிலான பேரம் இது. வனவுயிர்ப் பாதுகாப்பு என்றால் எல்லா உயிரையும் ஒருசேரக் காப்பது என்று நினைத்திருப்பவர்கள் இந்த ஓடைகளைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முரண்: அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இதே கடல் லாம்ப்ரே குறைந்துவருகிறது, பல இடங்களில் காக்கப்படுகிறது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரம் அரச குடும்பத்துக்கு லாம்ப்ரே ‘பை’ (மாவுறைக்குள் வைத்துச் சுட்ட பண்டம்) அனுப்பும் பழைய வழக்கம் உடையது. 2012இல் அரசியின் வைரவிழாவுக்கு அதைச் செய்ய உள்ளூர் லாம்ப்ரேயைத் தொட முடியாமல், பேரேரிகளிலிருந்து வரவழைத்தார்கள்.

நிறுத்திப் பார்த்த ஆண்டு

இந்தத் திட்டத்தின் பெரிய இடர், அது பலன் தருகிறது என்பதே. நன்றாக நடந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மீன் இருக்கும், அதன் உடலில் லாம்ப்ரே கடித்த வடு குறைவாக இருக்கும், ஆண்டுதோறும் ஏன் இத்தனை கோடி டாலர் என்று ஒருவர் கேட்பார். கேள்விக்குப் பதில் சொல்ல, நிறுத்திக் காட்ட வேண்டும். யாரும் வேண்டுமென்று நிறுத்த மாட்டார்கள்.

கொரோனா நிறுத்தியது. 2020இல் திட்டமிட்டதில் கால்பங்கு ஓடைகளுக்குத்தான் மருந்திட முடிந்தது. 2021இல் முக்கால் பங்கு. தப்பிய குஞ்சுகள் உருமாறி ஏரிக்கு இறங்கின. அடுத்த ஆண்டுகளில் லாம்ப்ரேயின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. அறுபது ஆண்டு உழைப்பின் பலன் இரண்டு பருவத்தில் கரையத் தொடங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அப்படியும், 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசுத் துறைகளில் நடந்த பணிநீக்கத்தில் லாம்ப்ரே கட்டுப்பாட்டு ஊழியர்களும் சிக்கினார்கள். எதிர்ப்பு எழுந்தபின் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மருந்திடும் பருவமோ அடுத்த சில வாரங்களில் தொடங்க வேண்டியிருந்தது.

ஒழிப்பது அல்லது இயன்றவரை குறைப்பது என்று 1954 ஒப்பந்தம் சொன்னது. இன்று ஒழிப்பது என்ற சொல்லைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் ஒரே மருந்தை ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் நம்பியிருப்பதால், அதைத் தாங்கும் லாம்ப்ரே உருவாகலாம் என்ற கவலை ஆய்வாளர்களிடம் உண்டு. மலடாக்கிய ஆண்களை விடுவது, ஆண் லாம்ப்ரே வெளியிடும் மண வேதிப்பொருளால் பெண்களைப் பொறிக்கு இழுப்பது எனப் பல வழிகளைச் சோதித்தார்கள். எதுவும் டி.எஃப்.எம்.மின் இடத்தைப் பிடிக்கவில்லை.

இப்போது கூர்மையாக நிற்கும் கேள்வி அணைகளைப் பற்றியது. ஓடைகளின் குறுக்கே மர ஆலைகளுக்கும் மின்சாரத்துக்கும் கட்டிய பழைய அணைகள், யாரும் எண்ணாமலே லாம்ப்ரேயைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அவற்றை இடிக்கச் சொல்கிறார்கள். ஸ்டர்ஜனும் சக்கர் மீனும் மேலேற அதுவே வழி. இடித்தால் லாம்ப்ரேக்கும் புதிய வண்டல் திறக்கும். மிச்சிகன் மாநிலத்தின் மனிஸ்டிக் ஆற்றில் அணை பழுதாகி விரிசல் விட்டபோது, அதற்கு மேலுள்ள ஆறு முழுதும் லாம்ப்ரே நாற்றங்கால் ஆகிவிட்டதை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

டிராவர்ஸ் சிட்டி நகரில் போர்ட்மன் ஆற்றின் பழைய அணை இருந்த இடத்தில், மீன்களை இனம் பிரித்து மேலே விடும் அமைப்பொன்றைக் கட்டுகிறார்கள். நீச்சல் வேகம், உருவம், ஒளிக்கும் மணத்துக்கும் காட்டும் எதிர்வினை என ஒவ்வொன்றையும் சல்லடையாகப் பயன்படுத்தும் திட்டம். உள்ளூர்வாசிகள் சிலர் தொடுத்த வழக்கால் அது சில ஆண்டுகள் தாமதமானது. கட்டி முடித்தபின் பத்தாண்டுகள் சோதனைக் காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவரை ஒரு லாம்ப்ரேகூட மேலே போகாதபடி ஆறு மறிக்கப்பட்டே இருக்கும்.